நடுவில் உட்காராதீங்க சார்

"கல்லுல படகு செய்றாளாம். கேட்டியா இந்தக் கூத்தை?"

மாமியார் தக்காளிக் கூடையைத் தலையிலிருந்து இறக்கும்போதே தொடங்கிவிட்டார். தெருமுனையில் காய்கறிக் கடை போட்டிருப்பவர் அவர். காலையிலிருந்து கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் இதைச் சொல்லிச் சிரித்தாகிவிட்டது. மிச்சமிருந்தது பெற்ற மகன் ஒருவன்தான்.

மகன் பை தைக்கிறவர். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "கல்லு இல்லம்மா, கான்கிரீட்டு" என்றார்.

"கான்கிரீட்டு காய்ஞ்சா என்ன ஆகும்?"

"கல்லு மாதிரி ஆகும்."

"அதைத்தானே நானும் சொன்னேன்!"

மருமகள் ஒரு வாளித் தண்ணீரை நடுவீட்டில் கொண்டுவந்து வைத்து, அதில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை மிதக்கவிட்டாள். "இது எதுல செஞ்சது அத்தை?"

"இரும்புல."

"முழுகுதா?"

மாமியார் கிண்ணத்தை முறைத்துப் பார்த்தார். பிறகு ஒரு விரலால் அதன் ஓரத்தை அமுக்கினார். கிண்ணம் குபுக்கென்று தண்ணீர் குடித்து, வாளியின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"இப்ப முழுகிடுச்சு" என்று சொல்லிவிட்டுத் தக்காளியைத் தரம் பிரிக்கப் போய்விட்டார்.

மருமகளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஏனென்றால் அவள் படிப்பே அந்தக் கல்படகின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

கல்லூரியில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போனவள். கம்பி கட்டும் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு, விட்ட இடத்திலிருந்து பிடித்துப் படித்து, ஒவ்வொரு படியாக ஏறி, பொறியியல் வகுப்பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கு மீசை அப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்தது. முதல் நாள் அவளைப் பார்த்து எழுந்து நின்றவர்களும் உண்டு, புது டீச்சர் என்று நினைத்து.

எல்லாப் பாடத்திலும் கரையேறிவிட்டாள். ஒன்றே ஒன்றுதான் காலைப் பிடித்து இழுத்தது. திடப்பொருளும் பாய்மப்பொருளும் எப்படிச் சுமை தாங்குகின்றன, எப்படி வளைகின்றன, எப்படி ஓடுகின்றன என்று சொல்லும் இயந்திரவியல் பாடம். அதில் இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்று முறைதான் விடுவார்கள். மூன்றாவதும் போனால் பெயரை அடித்துவிடுவார்கள், அப்புறம் கல்லூரி வாசலை வெளியே நின்று பார்க்கவேண்டியதுதான்.

தோற்றதற்குக் காரணம் ஒரு கூட்டல் குறி. இல்லை, ஒரு கழித்தல் குறி. எது என்று தெரியாததுதான் காரணம்.

ஒரு உத்திரத்தை இரண்டு ஓரத்தில் தாங்கி, நடுவில் பாரம் வைத்தால் அது தொய்ந்து கீழே வளையும். சிரிக்கிற வாய் போல. அதைக் கூட்டல் என்று வைத்திருக்கிறார்கள். நடுவில் தாங்கி, இரண்டு ஓரத்திலும் பாரம் வைத்தால் ஓரங்கள் தொங்கி முதுகு கூனிக்கொள்ளும். அழுகிற வாய் போல. அது கழித்தல். சிரிப்பு வளைவில் அடிப்பக்கம் இழுபடும், அழுகை வளைவில் மேல்பக்கம் இழுபடும். கான்கிரீட்டை எவ்வளவு வேண்டுமானாலும் அமுக்கலாம், தாங்கும். இழுத்தால் மட்டும் பொட்டென்று விட்டுவிடும். அதனால் எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் கம்பி போடவேண்டும். சொன்னால் இவ்வளவுதான்.

ஆனால் பரீட்சைத் தாளைக் கண்டதும் அக்காவுக்குச் சிரிப்பு அழுகையாகிவிடும், அழுகை சிரிப்பாகிவிடும். கட்டட வேலையில் மேஸ்திரி "கீழ கட்டு" என்றால் கீழே கட்டியிருக்கிறாள், பால்கனிக்கு "மேல கட்டு" என்றால் மேலே கட்டியிருக்கிறாள். ஏன் என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கை கட்டியது, தலைக்குத் தெரியவில்லை. இப்போது தலைக்கு ஏற்றப் பார்த்தால், அது வழியிலேயே தலைகீழாகத் திரும்பிக்கொண்டது.

பாடம் நடத்துகிற பேராசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் உத்திரம் சார். எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் உத்திரத்தில் வந்து நிற்பார். நல்ல கனமான உடம்பு. அந்த வருடம் அவருக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. "எழுத்துப் பரீட்சை பாதி. மீதிப் பாதிக்கு எல்லாரும் கான்கிரீட்ல படகு செய்யுங்க. ரெண்டு பேர் ஏறி நம்ம குளத்தைத் தாண்டணும். தாண்டினதும் கரையில நின்னு நான் கேக்கற ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும். படகு முழுகினாலும் போச்சு, பதில் முழுகினாலும் போச்சு."

எழுத்துப் பரீட்சையில் அக்கா தட்டுத்தடுமாறித் தப்பித்திருந்தாள். பாக்கி இருந்தது படகு.

அவளோடு குழுவில் இன்னும் இரண்டு பேர். ஒருவன் நெட்டை. எந்த வாசலில் நுழைந்தாலும் முதலில் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். இன்னொருத்தி கால்கு. கால்குலேட்டர் என்பதன் சுருக்கம். பெருக்கல் வகுத்தல் எல்லாம் வாயிலேயே போடுவாள், ஆனால் சிமெண்டு மூட்டையை அதுவரை தொட்டதில்லை. முதல் நாள் கலவையைக் கரண்டியால் ஸ்வீட் கிண்டுவது போலக் கிண்டினாள்.

"ஏண்டி, அது வலிக்கும்னு பாக்கறியா?" என்றாள் அக்கா. "நல்லாப் பொரட்டு. அடியிலேருந்து வெட்டிப் பொரட்டு."

"அக்கா, கையெல்லாம் எரியுது."

"எரியும். சோப்புப் போட்டுக் கழுவிட்டு எண்ணெய் தடவு. நாளைக்குக் கையுறை கொண்டுவா. அழகா இருக்கற கை, அப்படியே இருக்கட்டும்."

ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அங்கே மணலைக் குவித்து, படகின் வயிறு எப்படி இருக்கவேண்டுமோ அப்படிக் குடைந்து, மேலே பாலித்தீன் விரித்து, அதன்மேல் கலவையைப் பூசவேண்டும். கனம் குறைய தெர்மோகோல் மணிகளைக் கலந்தார்கள். சுவர் விரல் தடிமன்தான்.

பூசுவதற்கு முன்னால் கம்பி எங்கே போவது என்ற கேள்வி வந்தது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். அக்கா சாக்பீஸ் எடுத்துப் படகை வரைந்தாள்.

"துடுப்புப் போடறவங்க எங்க உட்காருவாங்க?"

"முன்னால ஒருத்தர், பின்னால ஒருத்தர்" என்றான் நெட்டை. "நடுவுல காத்து வாங்கும்."

"அப்ப பாரம் ரெண்டு ஓரத்துல. தண்ணி தாங்கறது நீளம் முழுக்க, அதுவும் நடுவுல படகு அகலமா இருக்கறதால அங்கதான் கூடுதலாத் தள்ளும்." அக்காவின் சாக்பீஸ் நின்றது. "ஓரம் எறங்கும், நடு ஏறும். முதுகு கூனும்."

கால்கு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடை தெரியும், ஆனால் சொல்லவில்லை.

"அழுகை வளைவு" என்றாள் அக்கா மெதுவாக. "கழித்தல். மேல்பக்கம் இழுபடும். கம்பி மேல, விளிம்புல."

"அக்கா!" என்று கால்கு கத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நெட்டை எழுந்து குதித்துக் கொட்டகை உத்திரத்தில் மண்டையை இடித்துக்கொண்டான். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் குறி அக்காவுக்குச் சரியாக வந்திருந்தது, யாரும் சொல்லிக்கொடுக்காமல். அந்தச் சந்தோஷத்தில் கம்பியை எல்லாம் விளிம்பை ஒட்டி, ஒரு முடிச்சுக்கூட நெகிழாமல் கட்டினாள். அடியில் ஒரு துண்டுக் கம்பிகூடப் போடவில்லை. எதற்கு? கணக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டதே. கம்பி போட்டால் கனம்தான் கூடும்.

தினமும் ஈரச் சாக்குப் போட்டு, தண்ணீர் ஊற்றி, பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டார்கள். படகு சாம்பல் நிறத்தில், மேலே மீன் முதுகு போல வழுவழுவென்று கெட்டியானது.

அவர்கள் குழுவின் பரீட்சை நாள் வந்தது. மாலையில் குளத்தில் விடவேண்டும். காலையிலேயே படகை மணலிலிருந்து எடுத்து வைத்துவிடலாம் என்று நெட்டை முன்மூக்கைப் பிடித்தான், கல்லூரி வாட்ச்மேன் பின்மூக்கைப் பிடித்தார். அக்கா பக்கத்தில் நின்று, "ஒண்ணு, ரெண்டு" என்றாள். இரண்டு பேரும் ஒன்றாகத் தூக்கினார்கள். படகு மணலை விட்டு ஒரு சாண் எழுந்தது.

டிக்.

சின்னச் சத்தம்தான். குச்சியை ஒடித்தால் வருமே, அவ்வளவுதான். ஆனால் கட்டட வேலை பார்த்த காதுக்கு அது இடி.

"வைங்க! கீழ வைங்க! மெதுவா!"

வைத்தார்கள். அக்கா படகுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். நடு வயிற்றில், குறுக்காக, தலைமயிர் போல ஒரு விரிசல்.

கால்கு மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். வாட்ச்மேன், "நான் ஒண்ணும் பண்ணலம்மா, சும்மாதான் தூக்கினேன்" என்று நாலு தடவை சொன்னார். நெட்டைக்குப் பேச்சே போய்விட்டது, அது அபூர்வம்.

அக்கா விரிசலைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். இரண்டு ஓரத்தில் பிடித்துத் தூக்கினால் என்ன ஆகும்? தாங்குவது ஓரத்தில், படகின் கனம் நீளம் முழுக்க. நடு தொய்யும். சிரிப்பு வளைவு! அடி இழுபடும். அடியில்தான் கம்பியே இல்லையே! தண்ணீரில் என்ன நடக்கும் என்று அணுஅணுவாகக் கணக்குப் போட்டவர்கள், தண்ணீர் வரைக்கும் படகு எப்படிப் போகும் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. குறி சரியாக வந்த குஷியில் அவள் மறுபடி அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. மேஸ்திரி இருந்திருந்தால் "ஏம்மா, ஆகாயத்துலேருந்தா குளத்துல விழப்போகுது?" என்று கேட்டிருப்பார்.

"பூசி மெழுகிடலாமாக்கா?" என்றான் நெட்டை ஒருவழியாக.

"சாயங்காலத்துக்குள்ள காயாது. காஞ்சாலும் தூக்கினா மறுபடி விடும்."

"அப்ப முடிஞ்சுதா?"

அக்கா விரிசலின் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் படகு போல நீளவாக்கில் சேர்த்து, விரல் நுனிகளைக் கீழே தொங்கவிட்டு, நடுவைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு மறுபடி தொங்கவிட்டாள். வாட்ச்மேன் கவலையோடு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"இருங்க" என்றாள் அக்கா. "தூக்கினாத்தான் அடி இழுபடுது. தண்ணியில, ஓரத்துல ரெண்டு பேர் உட்கார்ந்தா அடி என்ன ஆகும்?"

கால்கு முகத்திலிருந்து கையை எடுத்தாள். "அமுங்கும்."

"அமுங்கினா?"

"விரிசல்..." கால்கு எழுந்தே விட்டாள். "விரிசல் மூடிக்கும்! அக்கா, தானா வாயை மூடிக்கும்!"

"அப்ப தண்ணியில பிரச்சினையே இல்ல. பிரச்சினை ரோட்டுலதான். இங்கேருந்து குளம் வரைக்கும் அது வளையவே கூடாது. தண்ணி எப்படித் தாங்கும்? ஒரு இடத்துல பிடிக்காது, எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமாப் பிடிக்கும். நாமளும் அப்படித் தாங்கணும். நாமளே தண்ணியா இருக்கணும்."

"நான் ஏற்கெனவே வேர்வையா ஓடிட்டுத்தான் இருக்கேன்" என்றான் நெட்டை. பேச்சு திரும்பி வந்துவிட்டது.

படகுக்கு அடியில் மணலைக் குடைந்து பட்டையான நாடாக்களை வரிசையாக விட்டு, ஒவ்வொரு நாடாவையும் இரண்டு பக்கமும் ஆள் பிடித்துத் தூக்குவது என்று முடிவானது. அக்கா புருஷனுக்குப் போன் போட்டாள். "என்னங்க, பைக்கு வாரு தைக்கிற நாடா இருக்குல்ல, பெரிய பைக்குப் போடற பட்டை நாடா? ஒரு சுருள் முழுக்க வேணும். ரெண்டு ஓரத்துலயும் காது வெச்சுத் தெச்சுக் கொண்டுவாங்க. இப்பவே."

"எதுக்கு?"

"படகைத் தூக்க."

"மிதக்கிற பொருளை எதுக்குத் தூக்கணும்?"

"வந்து சிரிங்க."

கால்கு ஒரு சிக்கல் சொன்னாள். "ஆள் எல்லாம் ஒரே உயரம் இல்லையே அக்கா. நெட்டை பிடிச்ச இடம் தூக்கிக்கும், நான் பிடிச்ச இடம் தொங்கும். அவன் மேலயே பாரமெல்லாம் போகும். அப்ப மறுபடி வளையுமே."

உண்மைதான். மூன்று பேரும் யோசித்தார்கள். நெட்டை ஆய்வுக்கூடத்துக்குள் தண்ணீர் குடிக்கப் போனான். போனவன் குடிக்காமலே ஓடிவந்தான், இரண்டு கையிலும் ஸ்பிரிங் தராசுகளைக் கொத்துக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு. சுவரில் தொங்கிக்கொண்டிருந்தவை, கொக்கியில் மாட்டி எடை பார்ப்பது.

"அக்கா, நாடாக் காதுல இதை மாட்டி, இதைப் பிடிச்சுத் தூக்கினா? எல்லார் முள்ளும் ஒரே எண்ல நிக்கணும். முள்ளு ஏறினாக் கையை எறக்கு, எறங்கினாக் கையை ஏத்து. குட்டையும் நெட்டையும் ஒண்ணாயிடும்."

அக்கா அவன் தலையில் கை வைக்க எம்பினாள், எட்டவில்லை. தோளில் தட்டினாள்.

படகின் கனத்தைத் தேவைப்படும் ஆள் எண்ணிக்கையால் கால்கு வாயிலேயே வகுத்தாள். "ஒவ்வொரு முள்ளும் பத்துல நிக்கணும். பத்து கிலோ. அவ்வளவுதான் ஒரு ஆளுக்கு."

இனி ஆள் வேண்டுமே. கேன்டீன் சமையற்காரர் வந்தார், ஏப்ரனோடு. நூலகத்து அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். கூட்டிப் பெருக்குகிற இரண்டு பெண்கள், பக்கத்துக் குழுவின் பிள்ளைகள், வாட்ச்மேன். பக்கத்துக் குழுவின் படகு முந்தின நாளே குளத்தின் அடியைப் பார்த்துவிட்டது. அந்தத் துக்கத்தில் இருந்தாலும் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். சற்று நேரத்தில் அக்காவின் புருஷன் நாடாச் சுருளோடு வந்து இறங்கினார். பின்சீட்டிலிருந்து மாமியாரும் இறங்கினார்.

"கல்படகு எங்க?" என்றார் மாமியார். படகைச் சுற்றி வந்தார். விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு ஸ்பிரிங் தராசுகளைப் பார்த்தார். முகம் மாறியது. "இது எதுக்கு இங்க?"

அக்கா சொன்னாள்.

"முள்ளு பத்துல நிக்கணும், அவ்வளவுதானே?" மாமியார் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். "தள்ளு. வாழ்நாள் பூரா முள்ளு பாத்துத்தான் பொழைச்சிருக்கேன். ஒரு பய ஏமாத்த முடியாது."

அப்படித்தான் ஊர்வலம் புறப்பட்டது. நடுவில் படகு. இரண்டு பக்கமும் ஆட்கள், ஆளுக்கொரு தராசைப் பிடித்துக்கொண்டு, தராசையே பார்த்துக்கொண்டு. யாரும் வழியைப் பார்க்கவில்லை. மாமியார் மட்டும் முன்னும் பின்னும் நடந்து முள்ளுகளைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏய் நெட்டை, பன்னெண்டு! கையை எறக்கு!"

"முழங்காலுக்கே வந்துட்டேன் பாட்டி!"

"அப்ப முழங்காலை மடக்கி நட. சமையல்காரரே, உங்களுது ஏழு. சோத்துலதான் குறைப்பீங்கன்னு நெனச்சேன், இதுலயுமா?"

"அம்மா, சோத்துல நான் எங்க குறைச்சேன்?"

"வாயை மூடிட்டுக் கையைத் தூக்குங்க. ஆங், பத்து. கண்ணாடியம்மா, நீங்க அப்படியே இருங்க, தங்கம். டேய் மகனே, பொண்டாட்டியைப் பாக்காதே, முள்ளைப் பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததில் எல்லா முள்ளும் ஒருமிக்க ஆடின. "சிரிக்காதீங்க!" என்று அக்கா கத்தினாள், அவளே சிரித்துக்கொண்டு. குளத்துக்கு இறங்கும் படிகளில்தான் கஷ்டம். முன்னால் போகிறவர்கள் கையை உயர்த்தவேண்டும், பின்னால் வருகிறவர்கள் தாழ்த்தவேண்டும். ஒவ்வொரு படிக்கும் மாமியார் நிறுத்தி, முள்ளெல்லாம் பத்துக்கு வந்த பிறகுதான் அடுத்த படிக்கு விட்டார். வகுப்பிலிருந்து வந்த பிள்ளைகள் மாடியிலிருந்து கைதட்டினார்கள்.

டிக் சத்தம் மறுபடி வரவில்லை. படகைத் தண்ணீரில் இறக்கி நாடாக்களை உருவினார்கள். படகு மெதுவாக ஆடியது, நின்றது, மிதந்தது.

மாமியார் வாய் பிளந்தார். "அட கருமமே" என்றார் மரியாதையோடு.

உத்திரம் சார் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவும் நெட்டையும் துடுப்பை எடுத்தார்கள். "நடுவுல காலை வைக்காதே" என்று அக்கா அவன் காதில் சொன்னாள். "கரையிலேருந்து நேரா ஓரத்துல உட்காரு. நான் உட்கார்றப்பவே நீயும் உட்காரணும்." உட்கார்ந்தார்கள். படகின் ஓரங்கள் இறங்கின. அக்கா எட்டி விரிசலில் கை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. கோடு இருந்த இடமே கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டு பேருக்கும் துடுப்புப் போடத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. படகு ஒரு சுற்றுச் சுற்றியது. கரையில் இருந்து ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "இடது! இடது!" "அது உனக்கு இடது!" வந்த வழியே ஒருமுறை திரும்பி வந்து, நாணலில் ஒருமுறை முட்டி, கடைசியில் எதிர்க்கரையைத் தொட்டார்கள். கால்கு சந்தோஷத்தில் நூலகத்து அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாவும் விடவில்லை.

ஆனால் கேள்வி பாக்கி இருந்தது.

உத்திரம் சார் சுற்றி நடந்து எதிர்க்கரைக்கு வந்தார். நாடாவும் தராசும் கையிலேயே இருக்க, கூட்டமும் வந்தது. அவர் குனிந்து படகுக்குள் பார்த்தார். இப்போது ஆள் இறங்கிவிட்டார்கள், விரிசலின் கோடு மெலிதாகத் தெரிந்தது.

"என்னம்மா இது?"

அக்கா கொஞ்சம் தயங்கினாள். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் மனசு வரவில்லை. "விரிசல் சார். காலையில ரெண்டு ஓரத்துல பிடிச்சுத் தூக்கினோம். அடியில கம்பி இல்ல. போட்டிருக்கணும், நான்தான் யோசிக்கல."

"விரிசல் இருக்கு, தண்ணி ஏன் உள்ள வரல?"

"ஓரத்துல நாங்க இருந்தோம் சார். முதுகு கூனி அழுகை வளைவு. கழித்தல். அடி அமுங்கி மூடிக்கிச்சு." சொல்லும்போது அவள் கைகள் தாமாகவே வளைந்து காட்டின.

உத்திரம் சார் தாடையைச் சொறிந்தார். "சரி, இதான் என் கேள்வி. நான் ஒருத்தன் மட்டும் ஏறி நடுவுல உட்கார்ந்தா?"

கால்கு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அக்கா கண்ணை மூடினாள். பரீட்சைத் தாளில் இதே இடத்தில்தான் இரண்டு முறை எல்லாம் தலைகீழானது. நடுவில் பாரம். நடு இறங்கும். ஓரம் ஏறும்.

"சிரிக்கும் சார்" என்றாள். "கூட்டல். அடி இழுபடும். சிரிச்சா வாய் திறக்கும். தண்ணி வரும். நடுவுல உட்காராதீங்க சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"பாத்துடுவோம்" என்று உத்திரம் சார் செருப்பைக் கழற்றினார்.

"சார், வேணாம் சார்!"

"இயந்திரவியல்ல வேணாம்னு ஒண்ணு கிடையாது." பேன்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, நெட்டையின் தோளைப் பிடித்து இறங்கி, படகின் நட்டநடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். நெட்டை படகைக் கொஞ்சம் தள்ளிவிட்டான். படகு ஆடியது. மிதந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

அக்கா கரை விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள். தண்ணீர் வரவில்லையே! மறுபடியும் குறி மாறிவிட்டதா? இத்தனை நாள் பாலூட்டி வளர்த்த மாதிரி வளர்த்த படகு, முழுகக்கூடாது என்று தூக்கம் கெட்டு வளர்த்த படகு. இப்போது அதைப் பார்த்து மனதுக்குள் கெஞ்சினாள்: முழுகு, என் கண்ணு, முழுகித் தொலை!

உத்திரம் சார் உடம்பை ஒரு அசை அசைத்து வசதியாக உட்கார்ந்தார். "தண்ணியக் காணோமே" என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினார். கீழே பார்த்தார். கையால் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சிரிப்பு விரிந்தது, படகைப் போலவே.

"நனையுது" என்றார்.

டிக் என்றது. இந்த முறை எல்லோர் காதிலும் விழுந்தது.

"நனையுது! கூட்டல்! அடியில இழுவை! பாருங்க பசங்களா, பாருங்க, விரிசல் மேல ஓடி வருது, விளிம்புக் கம்பி வந்ததும் நிக்குது பாருங்க! இதைத்தானே வருஷம் பூராக் கத்தினேன்!" தண்ணீர் அவர் தொடைக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. அவர் சப்பணத்தைக் கலைக்கவே இல்லை, கையை நீட்டி நீட்டிப் பாடம் நடத்திக்கொண்டே இறங்கினார். குளம் ஆழமில்லை. படகு அடியில் போய் உட்கார்ந்தபோது தலையும் தோளும் ஒரு கையும் மேலே இருந்தன. அந்தக் கை அக்காவைச் சுட்டியது.

"பாஸ்!" என்றார் உத்திரம் சார். "அம்மா, நீ பாஸ்!"

அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் அழ முடியவில்லை. கால்கு ஒரு பக்கமும் புருஷன் ஒரு பக்கமும் பிடித்துக் குலுக்கினால் எப்படி அழுவது? மாமியார் யார் யாரிடமோ, "என் மருமக சொன்ன மாதிரியே முழுகிச்சு, பாத்தீங்கல்ல? சொன்ன மாதிரியே!" என்று கையைப் பிடித்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உத்திரம் சார் எழுந்திருக்கப் பார்த்தார். படகுக்கு வெளியே ஊன்றிய கால் சேற்றில் புதைந்துகொண்டது, வரவில்லை. நெட்டை தண்ணீரில் குதித்து அவர் தோளைப் பிடித்தான். வாட்ச்மேன் குதித்துக் காலைப் பிடித்தார். இரண்டு பேரும், "ஒண்ணு, ரெண்டு" என்று தொடங்கினார்கள்.

"ஐயோ, ரெண்டு ஓரத்துல மட்டும் பிடிக்காதீங்க!" என்று அக்கா கத்திக்கொண்டே நாடாச் சுருளோடு தண்ணீரில் இறங்கினாள். "நடுவுல ஆள் வேணும்! அத்தை, தராசை எடுங்க!"